பெட்ரோல் கணக்கும் வால்பாறை ஞாயிறும்

கேள்வி: கோவை வடவள்ளியில் குடியிருக்கிறேன். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. நான்கு வருடமாக 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார், மேனுவல் கியர். கார் கடன் போன மாதம்தான் முடிந்தது. ஆபீஸ் போய் வர தினமும் 36 கிலோமீட்டர். வீட்டில் ஸ்கூட்டர் இருந்தாலும் காரில்தான் போகிறேன். மாதம் இரண்டு ஞாயிறு மனைவி, இரண்டு குழந்தைகளோடு வால்பாறை போய் வருவோம். வண்டி ஓட்டுவதென்றால் எனக்கு உயிர். ஆனால் பெட்ரோலுக்கு மட்டும் மாதம் 12,000 ரூபாய் போகிறது. "வால்பாறையை நிறுத்தினாலே பாதி மிச்சம்" என்கிறார் மனைவி. மைலேஜ் பார்த்தும் ஓட்டிப் பார்த்தேன்: ஏ.சி. போடாமல், மீட்டரையே பார்த்துக்கொண்டு, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு. மைலேஜ் கொஞ்சம் ஏறியது, ஓட்டுகிற சுகம் போய்விட்டது. ஞாயிறு பயணத்தை விட்டுவிடுவதா, எலக்ட்ரிக் காருக்கு மாறுவதா?

பதில் (வாகனப் பொறியாளர், ஓட்டுநர் பயிற்சியாளர்):

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். காரணம் படிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். நீங்களும் உங்கள் மனைவியும் 12,000 ரூபாயை ஒரே தொகையாகப் பார்க்கிறீர்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸுக்கு 22 நாள், நாளுக்கு 36 கிலோமீட்டர், ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஏ.சி. போட்டு, கவுண்டம்பாளையம், கணபதி நெரிசலில் ஊர்ந்து போகும் இந்த மாதிரி வண்டிக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. அது மட்டும் 6,700 ரூபாய். குழந்தைகளின் டியூஷன், கடை, கோயில் என்று உள்ளூரில் 200 கிலோமீட்டர் ஓடினால் இன்னொரு 1,700. வால்பாறை போய் வர 220 கிலோமீட்டர். நெடுஞ்சாலையும் மலையும் கலந்து 14 கொடுத்தால் ஒரு தடவைக்கு 1,600 ரூபாய், இரண்டு தடவைக்கு 3,200. கூட்டினால் உங்கள் 12,000-க்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

ஆக, வால்பாறை பாதி இல்லை, கால்வாசியைச் சற்றுத் தாண்டுகிறது. பாதிக்கு மேல் தின்பது ஆபீஸ் பாதை. அந்த 800 கிலோமீட்டரில் உங்களுக்குச் சந்தோஷம் தந்த ஒரு கிலோமீட்டர் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: சந்தோஷம் தராத கிலோமீட்டரில் கையை இறுக்குங்கள், சந்தோஷம் தருகிற கிலோமீட்டரைத் தொடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆபீஸ் பயணம் அவசியம் என்ற பெயரில் கேள்வி இல்லாமல் போகிறது. ஞாயிறு பயணம்தான் ஆடம்பரம் என்று முதலில் வெட்டப்படுகிறது. வாரம் முழுக்க நெரிசலில் உட்கார்ந்த மனிதருக்கு அந்த ஞாயிறும் போய்விட்டால் வண்டி வெறும் சுமையாகிவிடும்.

ஆபீஸ் பாதையில் என்ன செய்யலாம்? வாரத்தில் இரண்டு நாள் ஸ்கூட்டரில் போங்கள். 110 சிசி ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் 36 கிலோமீட்டருக்கு 80 ரூபாய். அதே தூரத்துக்குக் கார் 300 ரூபாய் கேட்கிறது. மாதம் எட்டு நாள் மாற்றிப் போனால் 1,760 ரூபாய் மிச்சம். ஒரு வால்பாறைப் பயணமும் அங்கே எல்லோருக்கும் டீயும் இதற்குள் அடங்கிவிடும். மழைக்காலத்தில் இது சரிப்படாது, தெரியும். அப்போது வடவள்ளிப் பக்கமிருந்து வரும் சக ஊழியர் ஒருவரோடு வண்டியைப் பகிர்ந்துகொள்ளுங்கள், இந்த வாரம் உங்கள் கார், அடுத்த வாரம் அவர் கார். வீட்டிலிருந்து வேலை பார்க்க வாரம் ஒரு நாள் அனுமதி கிடைத்தால், அதிலேயே மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் நிற்கும்.

காரில் போகிற நாட்களில் அரை மணி நேரம் முன்னால் கிளம்பிப் பாருங்கள். ஏ.சி. ஓட நின்றுகொண்டிருக்கும் உங்கள் வண்டி மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். காலையும் மாலையும் சேர்த்து அரை மணி நேரம் சிக்னலிலும் நெரிசலிலும் நின்றால், ஒரு அடிகூட நகராமல் நாளுக்கு 50 ரூபாய், மாதம் 1,100 ரூபாய் எரிகிறது. பிரேக்கின் கணக்கு இதைவிடச் சுவாரஸ்யமானது. ஒரு டன் எடையுள்ள வண்டியை 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 12 மில்லி பெட்ரோல் ஆகிறது. பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் சூடாகிப் போய்விடுகிறது. அதாவது ஒவ்வொரு முழு நிறுத்தத்துக்கும் ஒரு ரூபாய் 20 காசு. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரியும்போதே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே உருண்டு போனால், பல சமயம் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்துவிடும். முன்னால் போகிறவர் சிக்னல்வரை விரட்டிப் போய் நின்றுகொண்டிருப்பார். நீங்கள் நிற்காமலே அவரை எட்டிவிடுவீர்கள்.

டயர் காற்றை மாதம் இரண்டு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. நான்கு பேரோடு மலைக்குப் போவதானால் அதில் முழுச் சுமைக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். பங்க்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும் என்பார்கள். உங்கள் எஞ்சின் அதைக் கேட்கவில்லை. ஆக்டேன் எண் (எஞ்சினில் தட்டுகிற சத்தம் வராமல் தாங்கும் அளவு) கூடுவதால் லிட்டரில் உள்ள ஆற்றல் கூடாது. அந்தக் கூடுதல் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சென்ற ஒன்றிரண்டு வருடத்தில் மைலேஜ் லேசாக இறங்கியதாக உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. முன்பிருந்த 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் மூன்று, மூன்றரை சதவீதம் குறைவாக வரும். அதை உங்கள் கால் மேல் பழி போட்டுக்கொண்டு, இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று மனசை வருத்திக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது வால்பாறை. இங்கேதான் நீங்கள் ஓட்டும் முறையை மாற்றினால் காசும் மிஞ்சும், சுகமும் கூடும்.

கோவையிலிருந்து பொள்ளாச்சிவரை நாற்பது கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. ஈச்சனாரி தாண்டியதும் எல்லோரும் நூறைத் தொடுகிறார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்று உங்களைத் தடுக்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதற்குக் கிடைப்பது என்ன? அந்த நாற்பது கிலோமீட்டரில் அதிகபட்சம் ஆறு நிமிடம். நேர்கோடாகக் கிடக்கிற சாலையில் நூறில் போவதில் ஓட்டும் திறமைக்கும் வேலை இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி. போட்டு, ஐந்தாவது கியரில் 75, 80-ல் நிதானமாகப் போங்கள். மேலே கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள், காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடிக்கும்.

மலை அடிவாரத்தில் ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் திறந்த கண்ணாடியால் காற்று எதிர்ப்பு ஒன்றும் கூடாது, எஞ்சினுக்குக் கம்ப்ரசர் சுமை குறையும். அதைவிட முக்கியம், மேலே வளைவில் பஸ் ஹாரன் அடித்தால் உங்கள் காதில் விழும்.

மலை ஏறுவதுதான் பெட்ரோலைக் குடிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆளோடு சேர்த்து உங்கள் வண்டி 1,150 கிலோ இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை உயரத்துக்கு, அதாவது 700, 750 மீட்டருக்கு அதைத் தூக்க எஞ்சின் எரிக்கும் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு லிட்டர். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளோடு வருகிற அந்த அழகான ஏற்றத்துக்கு உயரக் கட்டணம் 100 ரூபாய்தான். அதிலும் ஒரு பகுதியை இறங்கும்போது திரும்ப வாங்கிவிடலாம். 1,600 ரூபாயில் பெரும்பகுதி போவது சமவெளியில், தூரத்துக்கு.

ஏற்றத்தில் பெட்ரோலை வீணடிப்பது அரைகுறை ஓட்டம். வளைவுவரை விரட்டிப் போய், கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்து, திரும்பிக்கொண்டே இரண்டாம் கியருக்குத் தடுமாறி, பாதி வளைவில் வண்டி திணற, மறுபடி ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதிப்பார்கள். இப்படிச் செய்து பாருங்கள்: வளைவுக்கு நன்றாக முன்னாலேயே வேகம் தானாக இறங்க விடுங்கள். மேலிருந்து யாராவது வருகிறார்களா என்று பாருங்கள், ஹாரன் கொடுங்கள். நேராக இருக்கும்போதே இரண்டாம் கியர். கண்ணை வளைவின் உள்பக்கத்தில் நிறுத்தாமல், வெளியேறும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கால் ஒரே அழுத்தத்தில் இருக்கட்டும். ஸ்டியரிங் நேராகத் திரும்பி வர வர அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பின்சீட்டில் தூங்குகிற குழந்தையின் தலை ஆடக் கூடாது, அதுதான் அளவு. மூன்றாம் கியரிலேயே இழுத்துவிடலாம் என்று நினைத்து எஞ்சினைத் திணற விடுவதும் மிச்சம் ஆகாது. தட்டுகிற சத்தம் கேட்டால் கியரை இறக்குங்கள்.

இதில் ஒரு தேர்ச்சி வந்துவிட்டால், நாற்பது வளைவில் முப்பதையாவது பிரேக்கை அழுத்தமாக மிதிக்காமல் கடந்துவிட முடியும். மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்டியபோது உங்களுக்குப் போன சுகம் இதில்தான் இருக்கிறது. மெதுவாகப் போவதும் சீராகப் போவதும் வேறு வேறு. நீங்கள் செய்து பார்த்தது மெதுவாகப் போவது. சீராகப் போகக் கவனம் வேண்டும், கை கால் கண் மூன்றும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். வண்டி ஓட்டுவதில் உயிரை வைத்திருக்கிற ஒருவருக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைவிட அது பெரிய இன்பம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதிரே அரசுப் பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு இறங்கி வரும்போது, முன்கூட்டியே ஒதுங்கி இடம் விட்டு, அது கடந்ததும் நிற்காமல் அப்படியே ஏறுவதில் இருக்கும் திருப்தியை ஒரு தடவை அனுபவித்துப் பாருங்கள்.

மலைப்பாதையில் மைலேஜ் காட்டும் திரையை மாற்றி வைத்துவிடுங்கள். அங்கே அது கண்ணை இழுக்கும், ஒவ்வொரு வளைவிலும் எண் விழுவதைப் பார்த்து மனசு கெடும். உண்மையான கணக்குக்கு பங்க்கில் ஃபுல் டேங்க் போடுங்கள், நாசில் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிட்டு டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த தடவையும் அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். மாதத்துக்கு ஒரு எண் போதும்.

இப்போது நியூட்ரல் விஷயம். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் காலத்திலிருந்து வருகிற பழக்கம் இது. உங்கள் வண்டியில் இருப்பது, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்தால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். எஞ்சின் வேகம் ஐட்லிங் அளவுக்கு, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற அளவுக்கு இறங்கும்வரை பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சினைச் சுற்ற வேறு எதுவும் இல்லை, ஐட்லிங்கில் ஓடப் பெட்ரோல் எரித்தே ஆக வேண்டும். ஆக, மலை இறக்கத்தில் நியூட்ரலில் நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை, கூடுதலாகச் செலவழித்திருக்கிறீர்கள்.

செலவாவது போகட்டும். உயிர் விஷயம் இது. கியர் பிடித்துக் கொடுக்கும் தடையும் இல்லாமல், 1,150 கிலோவை நாற்பது வளைவும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். பிரேக் பேட் சூடேறும், பிரேக் ஆயில் கொதித்தால் அதில் குமிழி வரும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். அப்போது நீங்கள் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பயன் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது அனுபவத்தில் வந்தது. இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர், பிரேக்கை இடையிடையே மட்டும் அழுத்தி விடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்கள். கீழிருந்து ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை வந்ததும் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் ஆழியாறு அணையைப் பாருங்கள், பிரேக்கும் ஆறும்.

எலக்ட்ரிக் கார் நல்ல வண்டிதான். மலையில் ஓட்டவும் அருமையாக இருக்கும், இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜும் திரும்பும். ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டாம். கரண்ட் செலவு மாதம் 2,000, 2,500 ஆகலாம், பெட்ரோலில் 9,500 மிஞ்சும். பத்து லட்சம் கடன் வாங்கினால் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 20,000 ரூபாய்க்கு மேல். 9,500-ஐ மிச்சம் பிடிக்க 20,000 கட்டுவது கணக்கில் உதைக்கிறது. இந்தக் கார் வயதாகி மாற்ற வேண்டிய காலம் வரும்போது யோசியுங்கள். கடன் முடிந்து, நன்றாக ஓடுகிற வண்டிதான் இருப்பதிலேயே மலிவான வண்டி.

உங்கள் மனைவியிடம் பேசும்போது, அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க இந்த எண்களைக் கொண்டுபோகாதீர்கள். அவர் கவலை நியாயமானது. 12,000 என்பது சின்னத் தொகை இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து, ஓட்டும் இன்பத்துக்கென்று மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். 3,200 சரி என்று பட்டால் 3,200. சம்பளம் வந்ததும் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பெட்ரோல் விலை ஏறினால் தொகை ஏறக் கூடாது, தூரம் குறையட்டும். குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அந்தத் தொகையையே பாதியாக்க வேண்டி வரலாம். அதற்கு நீங்கள் தயாராக இருந்தால் மற்ற மாதங்களில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அந்த மாதிரி மாதங்களில் ஓட்டாமலே இருக்க வேண்டியதில்லை. வடவள்ளியில் குடியிருக்கிறீர்கள், தடாகம் வழியாக ஆனைகட்டி ரோடு உங்கள் வாசலிலிருந்து தொடங்குகிறது என்றே சொல்லலாம். போய் வர ஐம்பது, அறுபது கிலோமீட்டர், 400 ரூபாய் பெட்ரோல். மலை, காடு, வளைவு எல்லாம் உண்டு, காலை டிபனுக்கு வீடு திரும்பிவிடலாம். யானை கடக்கும் பாதை என்பதால் நன்றாக விடிந்த பிறகு போங்கள். இரண்டு வால்பாறையில் ஒன்றை இப்படி மாற்றினாலே 1,200 ரூபாய் நிற்கும். ஊட்டியைச் சீசனில் யோசிக்கவே வேண்டாம். இ-பாஸ் எடுத்து, பர்லியாறு ஏற்றத்தில் வரிசையில் நின்று நின்று கிளட்ச்சைத் தேய்ப்பதில் பணமும் போகும், இன்பமும் இருக்காது.

உங்கள் மனைவிக்கு ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. லைசென்ஸ் இருந்தால் பொள்ளாச்சிவரை அவர் ஓட்டட்டும், மலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு செலவு இருவருக்கும் சொந்தமாகும்.

கடைசியாக ஒரு வேலை. வண்டிக்கு நான்கு வயது. பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். நியூட்ரலில் இறங்கிய பயணங்களில் பேடும் டிஸ்க்கும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதையும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலையை முடித்துவிட்டு அடுத்த வால்பாறைக்குக் கிளம்புங்கள், அதற்கு முன் வேண்டாம்.